தொண்டுக்குப் புறப்படுமுன்

கிருலப்பனைச் சந்தியில் ஹைலெவல் வீதியின் இரைச்சல் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் ஓய்வதில்லை. அவ்வீதியை விட்டுக் கால்வாய்ப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றிலே, இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரின் இல்லம் இருக்கின்றது. சில மாதங்களாக, ஞாயிறு தோறும் மாலை நான்கு மணிக்கு அவ்வில்லத்தின் விறாந்தையில் பதினொரு பல்கலைக்கழக மாணவர் கூடுகின்றனர். கதிரைகள் போதா, பாதிப் பேர் பாயில் அமர்வர். தபாலதிபரின் மனைவியார் தேநீரும் அவித்த கடலையும் கொண்டுவந்து வைப்பார். சுவரிலே நேபாள தேசத்தின் படம் ஒன்று தொங்குகின்றது.

இம்மாணவர்கள் கொழும்பு, மொறட்டுவை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள். எழுவர் தமிழர், இருவர் முஸ்லிம்கள், இருவர் சிங்களவர். வருகின்ற ஐப்பசி மாதத்தில் நேபாளத்துக்குச் சென்று, சிந்துபால்சோக் மாவட்டத்து மலைக் கிராமமொன்றின் பாடசாலைக்கு மூன்று வாரம் உடலுழைப்பு நல்கிவர எண்ணியுள்ளனர். அவர்களுள் இருவர் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்றவர்கள். அந்த உரிமையிலே, “சேர், நீங்களும் வந்து எங்களுக்கு நாலு வார்த்தை சொல்லவேணும்” என்று அழைத்தார்கள். நாலு வார்த்தை சொல்லச் சென்ற நாம், பத்து வாரமாகப் போய் வருகின்றோம். அங்கே நாம் சொன்னதிலும் பார்க்கக் கற்றதே அதிகம். பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியுள்ள பெற்றாருக்கும், நாளை இத்தகைய பயணத்துக்கு ஆசைப்படக்கூடிய மாணவருக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தினால் அவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதல் நாள் நாம் போனபோது அவர்கள் சட்டையின் நிறத்தைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தனர். எல்லோரும் ஒரே நிறத்தில் அணிவதா, முதுகிலே குழுவின் பெயரைப் பொறிப்பதா என்பது விவாதம். அது முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, “உங்களுள் சீமெந்து குழைத்தவர் எத்தனை பேர்?” என்று வினவினோம். எவரும் கை உயர்த்தவில்லை. மொறட்டுவையிற் பொறியியல் படிக்கும் மாணவர் மாத்திரம், ஒரு சுவரின் பாரத்தைக் கணக்கிட்டுக் காட்டத் தம்மால் இயலும் என்றார். “அச்சுவருக்கு வேண்டிய கல்லைச் சுமப்பவர் யார்?” என்று கேட்டோம். விறாந்தையில் ஒரு சிரிப்பெழுந்து அடங்கியது. பயிற்சி அன்றுதான் தொடங்கிற்று என்று சொல்லலாம்.

முன்னே சென்றவர்கள்

பிறநாட்டுக்குச் சென்று கையால் வேலை செய்து கொடுத்து வருதல் என்னும் வழக்கம், இக்கால வடிவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயதுடையது. முதலாம் உலகப் போர் முடிந்த பின்னர், 1920 ஆம் ஆண்டிலே, பியர் செரசோல் என்னும் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர், பிரான்சில் வெர்டூன் போர்க்களத்துக்கு அண்மையிலுள்ள எஸ்ன் என்ற கிராமத்துக்குச் சிறு குழுவொன்றுடன் சென்றார். குண்டுகளால் அழிந்த அவ்வூரில் குடில்களை அமைப்பதும் பாதைகளைச் செப்பனிடுவதும் அவர்களின் வேலை. அக்குழுவில் ஜேர்மானியரும் இருந்தனர். அழித்த நாட்டின் பிள்ளைகளே கட்டிக் கொடுக்கவும் வந்தமையை அன்று எல்லோராலும் தாங்க முடியவில்லை. சில மாதங்களில் அப்பணி நின்றது. எனினும் அதிலிருந்தே சர்வதேசக் குடிசார் சேவை இயக்கம் முளைத்தது.

அதே செரசோல் 1934 இல் இந்தியாவுக்கு வந்தார். அவ்வாண்டு தை மாதம் 15 ஆந் திகதி நேபாளத்தையும் பீகாரையும் ஒருசேர உலுக்கிய பெரும் பூகம்பம் நேர்ந்திருந்தது. அப்போது அவருக்கு ஐம்பதைக் கடந்த வயது. அந்த வயதிலும் 1934 க்கும் 1937 க்கும் இடையில் மீண்டும் மீண்டும் பீகாருக்கு வந்து, கிராமங்களை மீளக் கட்டும் வேலையில் ஈடுபட்டார்.

1938 இல் இந்தியாவிலிருந்து ஐந்து வைத்தியர்கள் சீனாவுக்குச் சென்றனர். அவர்களுள் இளையவர்களில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ். பம்பாயில் மருத்துவம் கற்று மேற்படிப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில் அவர் இப்பணியை ஏற்றார். சீன மொழியைப் பேசவும் எழுதவும் கற்றார். அங்கேயே மணம் புரிந்தார். போர்முனைக்கு அண்மையில் ஓயாது சத்திரசிகிச்சை செய்து, 1942 மார்கழி 9 ஆந் திகதி, முப்பத்திரண்டு வயதிலேயே உயிர் நீத்தார். சீன மக்கள் அவருக்குத் தம் மொழியிலேயே ஒரு பெயர் இட்டு இன்றும் போற்றுகின்றனர். அவருடன் சென்ற ஏனையோரும் திறமையுடைய வைத்தியர்களே. எனினும் கோட்னிஸின் பெயர் நிலைத்ததற்கு, அவர் அம்மக்களின் மொழியை முதலிற் கற்றுக்கொண்டதும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம்.

பின்னர் 1958 இல் பிரித்தானியாவிலும், 1961 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 1965 இல் யப்பானிலும் இளைஞரைப் பிறநாடுகளுக்குத் தொண்டுக்கு அனுப்பும் அமைப்புகள் தோன்றின. இலங்கை அன்று பெறுகின்ற நாடாகவே இருந்தது. அமெரிக்க சமாதானப் படையின் தொண்டர்கள் 1962 இல் இங்கும் வந்திறங்கினர். நாம் பெற்றுப் பழகியவர்கள். இப்போது எமது பிள்ளைகள் கொடுக்கப் புறப்படுகின்றனர். பெறுபவன் மனம் எப்படிப்பட்டது என்பதை அறிந்தவன் கொடுக்கப் போவது நல்லதே.

ஓர் அஞ்சலட்டையின் கதை

மாணவருக்கு நாம் சொன்ன கதைகளுள் அவர்களை மிகவும் சிந்திக்கவைத்தவை இரண்டு. இரண்டும் 1961 ஆம் ஆண்டில் ஆபிரிக்காவில் நிகழ்ந்தவை.

அவ்வாண்டு ஆவணி மாதத்தில் சமாதானப் படையின் முதற் குழுவினர், ஐம்பது பேரளவினர், கானா நாட்டின் தலைநகர் அக்கிராவில் விமானத்திலிருந்து இறங்கினர். வரவேற்க வந்திருந்த அமைச்சர்கள் முன்னிலையில் வரிசையாக நின்று, அந்நாட்டு மக்களின் துவி மொழியிலே பாட்டொன்றைப் பாடினர். விமான நிலையத்தில் நின்றவர்கள் வியந்தனர். பிறந்த நாட்டிலேயே அப்பாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருந்தமையே அவ்வியப்புக்குக் காரணம்.

சில வாரங்கள் கழிய, நைஜீரியாவின் இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளந் தொண்டர் ஒருவர், தாயகத்திலுள்ள நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அங்குள்ளோர் வீதியிலேயே சமைத்து வீதியிலேயே வாழ்கின்றனர் என்ற பாங்கில், கண்டதையெல்லாம் அதில் எழுதியிருந்தார். அவ்வட்டை தபாலிற் சேருமுன்பே வழியில் விழுந்துவிட்டது. எடுத்து வாசித்த மாணவர்கள் அதனைப் பிரதி செய்து எங்கும் பரப்பினர். கூட்டங்களும் கண்டனத் தீர்மானங்களும் எழுந்தன. எழுதியவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாடு திரும்ப நேர்ந்தது. அவர் தீய எண்ணத்தோடு எழுதியவரல்லர். ஆயினும், யார் மத்தியில் வாழ வந்தாரோ அவர்கள் அதனை வாசிக்கக்கூடும் என்ற நினைவு அவருக்கு வரவில்லை.

இக்கதையை நாம் சொல்லி முடித்ததும், ஒரு மாணவி தன் கைத்தொலைபேசியை மெல்லக் கவிழ்த்து வைத்தாள். அன்று ஒரே ஓர் அட்டை; இன்று ஒவ்வொருவர் கையிலும் ஆயிரம் அட்டை. அன்றைய கூட்டத்திலே அவர்களாகவே ஒரு விதி செய்துகொண்டார்கள்: கேளாமல் எவரையும் படம் எடுப்பதில்லை, குழந்தைகளின் படத்தை எங்கும் வெளியிடுவதில்லை, ஒரு படத்தின் கீழ் எழுதும் வாசகத்தை, அப்படத்தில் உள்ளவரே அருகிலிருந்து வாசித்தாலும் வெட்கப்படாத வகையில் எழுதுவது.

மலையும் மொழியும்

நேபாளம் என்றவுடன் பனிமலையே எல்லோர் மனத்திலும் எழும். கனத்த கம்பளி உடைகளுக்கு ஒரு பட்டியல் ஆயத்தமாகிவிட்டது. காத்மாண்டு நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. எமது நுவரெலியாவோ 1,868 மீற்றர். இதைக் கேட்டதும் பட்டியல் பாதியாகக் குறைந்தது. உயரத்தினால் வரும் தலைச்சுற்றும் வாந்தியும் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தொடங்கும். அது எமது பீதுருதாலகால மலையின் உச்சியளவு. இவர்கள் போகும் கிராமம் அதற்குக் கீழே இருக்கின்றது.

மாரி காலத்தில் அம்மலைச் சரிவுகளில் மண் சரிந்து பாதைகள் அடைபடும். ஆகையால் மழை ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களே செல்வதற்கு உகந்தவை. 2015 சித்திரை 25 ஆந் திகதி நிகழ்ந்த 7.8 அளவுப் பூகம்பத்தில் நேபாளம் எங்கும் ஒன்பதினாயிரம் பேரளவில் மாண்டனர். அவர்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சிந்துபால்சோக் மாவட்டத்தவர். வீடுகளிற் பெரும்பாலானவை மீண்டும் எழுந்துவிட்டன. ஆனால் அசைந்து தளர்ந்த சரிவுகள் ஆண்டுதோறும் மழைக்கு இறங்குகின்றன. இவர்களை அழைத்திருக்கும் பாடசாலை கேட்பதும் கட்டடமன்று. விளையாட்டிடத்தின் ஓரத்தைத் தாங்கும் ஓர் அணைச்சுவரே அவர்களின் தேவை. கம்பி வலைப் பெட்டிகளில் கற்களை நிரப்பி அடுக்கும் சுவர் அது. பெட்டி பின்னுவதும் அடுக்குவதும் அவ்வூர் வேலையாட்களின் கைத்திறன். எம்மவர் செய்யவேண்டியது ஆற்றங்கரையிலிருந்து கல் சுமப்பது.

அம்மலைநாட்டார் பாரங்களை ‘டோக்கோ’ எனப்படும் மூங்கிற் கூடையில் இட்டு, ‘நாம்லோ’ என்ற பட்டியை நெற்றியில் மாட்டி முதுகிற் சுமப்பர். இப்படத்தைக் காட்டியபோது, இதுவரை ஒரு மூலையில் மௌனமாக இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். அற்றன் பகுதித் தோட்டமொன்றிலே பிறந்தவர் அவர். “எங்க அம்மா முப்பது வருசமா இப்படித்தானே கொழுந்துக் கூடை சுமக்கிறாங்க” என்றார். கயிற்றைத் தலையில் எவ்விடத்திற் பொருத்துவது, கழுத்தை எப்படி வைத்துக்கொள்வது, இறக்கத்தில் எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்று அவர் செய்து காட்டினார். அன்று முதல் சுமை விடயத்தில் அவரே ஆசான். அவருடைய தாயாரின் தொழில் பல்கலைக்கழக மாணவர் பத்துப் பேருக்குப் பாடமானதைக் கண்டு எமக்குண்டான மகிழ்ச்சி பெரிது.

மொழிக்குக் கிழமைக்கு இருபது சொல் என்று வகுத்துக்கொண்டார்கள். தாயை ‘ஆமா’ என்கின்றனர் நேபாளத்தார். எமது ‘அம்மா’வுக்கு அது தொலைவன்று. அண்ணனுக்கு ‘தாய்’, ஆகையால் தமிழ்ச் செவிக்குச் சற்றுக் குழப்பம். அக்காளுக்கு ‘தீதீ’, தங்கைக்கு ‘பகினி’, தம்பிக்கு ‘பாய்’. அறியாதவரையும் பெயரிட்டு அழையாமல் உறவுமுறை சொல்லி அழைப்பதே அங்கும் மரியாதை. எச்சில் பற்றிய எண்ணமும் எமக்குள்ளது போன்றதே: வாய்பட்டதைப் பிறருக்கு நீட்டலாகாது, கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். அவர்களின் புத்தாண்டும் எமது சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே பிறக்கின்றது. அவர்களின் மணிக்கூடு எம்முடையதைவிடப் பதினைந்து நிமிடம் முந்தி ஓடும். சோறும் பருப்பும் இரு வேளை உணவு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் கண்டிப் பிள்ளைகளுக்கும் இதிற் புதுமையில்லை.

கடவுச்சீட்டு, தடுப்பூசி, காப்புறுதி ஆகியவற்றை முன்கூட்டியே முடித்தல் வேண்டும். விசாவைப் பற்றி ஒரு சொல். சுற்றுலாவுக்கென வாங்கிய விசாவில் சம்பளமின்றியேனும் வேலை செய்தல் நேபாளத்தில் ஏற்கப்படுவதில்லை. அழைக்கும் அமைப்பைக் கொண்டு உரிய அனுமதியைப் பெறவேண்டும். நன்மை செய்யப் போகின்றோம் என்ற எண்ணம் ஒருவரைச் சட்டத்துக்கு மேலானவர் ஆக்கிவிடாது.

வணிகம் படிக்கும் மாணவரின் கணக்கு

ஐந்தாவது ஞாயிறன்று ஒரு பெரும் புயல் எழுந்தது. வணிகவியல் படிக்கும் மாணவி ஒருவர் பதினொருவரின் விமானச் செலவையும் கூட்டி, அத்தொகையில் அவ்வூர்க் கல் வேலையாட்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று கணக்கிட்டுக் கொண்டுவந்தார். கணக்கில் பிழையில்லை. “அப்படியானால் நாங்கள் போவது அவர்களுக்காகவா, எங்களுக்காகவா?” என்று அவர் கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை; ஏனெனில் எம்மிடமும் ஆயத்தமான விடை இருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், குறுகிய காலத் தொண்டுப் பயணங்கள் சில தீமைகளையும் விளைவித்துள்ளன. அவற்றுட் கொடியது சிறுவர் இல்லங்களைப் பற்றியது. வெளிநாட்டார் வந்து அன்பு காட்டவும் பணம் கொடுக்கவும் விரும்புகின்றனர் என்பதால், தாய் தந்தையர் உள்ள குழந்தைகளையே வறிய ஊர்களிலிருந்து கொண்டுவந்து அநாதைகளாகக் காட்டும் இல்லங்கள் பல நாடுகளில் தோன்றின. நேபாளத்துச் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குப் பெற்றாரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கின்றனர் என யுனிசெஃப் நிறுவனம் 2015 ஆம் ஆண்டுப் பூகம்பத்தை அடுத்து எடுத்துரைத்தது. இரு வாரம் மடியில் இருத்திக் கொஞ்சிவிட்டுப் பிரிந்து செல்பவர் ஒருவர் பின் ஒருவராக வந்தால், அக்குழந்தையின் மனம் என்னாகும்? ஆகவே சிறுவர் இல்லம் எதற்கும் போவதில்லை என்று இவர்கள் முடிவு செய்தனர்.

செலவுக் கணக்குக்கு இரண்டு ஞாயிறு விவாதித்து ஒரு முடிவு கண்டார்கள். விமானச் செலவு எவ்வளவோ, அவ்வளவு தொகையைப் பொருளுக்கும் உள்ளூர் வேலையாட்களின் கூலிக்கும் எனத் தனியே சேர்ப்பது. அது சேராவிடின் பயணத்தையே நிறுத்திப் பிறிதோராண்டு பார்ப்பது. இத்தீர்மானத்தை எழுதிப் பதினொருவரும் ஒப்பமிட்டனர். சட்டையின் நிறத்தைப் பற்றிய பேச்சு அதன் பின் எழவேயில்லை. அதற்குச் செலவிட எண்ணிய பணமும் கல்லுக்கும் கம்பிக்கும் சேர்ந்தது.

கால்வாய்க் கரையில் ஒரு சுவர்

1958 ஆம் ஆண்டு மார்கழியில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியர் ஏ. ரீ. ஆரியரத்ன தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்தில் கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, அவர்களோடு உண்டு உறங்கி உழைக்கச் செய்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 2024 இல் அப்பெரியார் மறைந்தார். உடலுழைப்பைத் தொண்டாகக் கொள்வது எமக்கும் புதிதன்று. அப்பரடிகள் கையில் உழவாரம் இருந்தது; 1876–77 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலே கஞ்சித்தொட்டி அமைத்தார். நேபாளத்துக்குப் போகுமுன் கிருலப்பனையில் ஒரு வேலை செய்து பாருங்கள் என்று நாம் சொன்னதற்கு இவையே முன்மாதிரி.

கால்வாய்க் கரையை அண்டிய குடியிருப்பில் ஒரு முன்பள்ளி உண்டு. மழையில் அதன் மதிலின் ஒரு பகுதி விழுந்து கிடந்தது. மூன்று சனிக்கிழமை அங்கே வேலை நடந்தது. தலைமை தாங்கியவர் அவ்வொழுங்கையிலேயே வாழும் மேசன் ஒருவர். முதல் நாள் மாலை அவர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, மாணவர் வைத்த முதலாம் வரிசைக் கற்கள் அனைத்தையும் கழற்றச் சொன்னார். பொறியியல் மாணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு தாமே கழற்றத் தொடங்கினார். “நானும் என்ர கையாளும் எண்டால் ஒண்டரை நாளில முடிச்சிருப்பம்” என்று மேசன் எம்மிடம் காதோடு சொல்லிச் சிரித்தார். உண்மைதான். பழகாத கைகள் பத்து, பழகிய இரு கைகளுக்கு ஈடாகா. அதை இங்கே அறிந்துகொண்டு போவது, அங்கே போய் அறிந்துகொள்வதிலும் நன்று.

ஒரு தாயின் வினா

பதினொருவரும் வயது வந்தவர்கள். ஆயினும் பெற்றார் ஒப்பமின்றி ஒருவரும் புறப்படுவதில்லை என்பது அவர்களின் விதி. பத்துத் தாள்கள் வந்தன. ஒன்று வரவில்லை.

அம்மாணவியின் தாயார் அதே கால்வாய்ப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்து தையல் தைத்து மகளைப் படிப்பிக்கின்றவர். கல்முனைக்கு அண்மையிலுள்ள கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். 2004 மார்கழி 26 ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் இந்நாட்டில் 35,000 இற்கு மேற்பட்டோர் மடிந்தனர். அவ்வம்மையாரின் கணவரும் அவர்களுள் ஒருவர். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

நாம் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் தையலை நிறுத்தாமலே பேசினார். “சேர், மழைக்கு எங்கட கூரையே ஒழுகுது. இவள் போய் ஆருக்குச் சுவர் கட்டப் போறாள்?” என்றார். சற்றுப் பொறுத்து, “அது போகட்டும். வந்தவங்களை நான் கண்டிருக்கன் சேர். இறங்குவாங்க, படம் எடுப்பாங்க, போய்டுவாங்க. என்ர பிள்ளையும் அப்படி ஒரு சனத்துக்கு முன்னால போய் நிற்கவேணாம்” என்றார்.

கூரையைப் பற்றிய வினாவுக்கு விடை எளிது. மேசனும் இரு மாணவரும் மறுநாளே ஏறிப் பார்த்தார்கள். இரண்டாவது வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. ஆகையால் அவரையே ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு வரும்படி வேண்டினோம். இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை வந்தார். பாயின் ஓரத்தில் அமர்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினார்.

“தண்ணி வந்து நாலாம் நாள் நாங்க ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தம். லொறி லொறியா உடுப்பு வந்திச்சு. நல்ல மனசோட அனுப்பினதுதான். ஆனா குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டையை நாங்க என்ன செய்யிற? றோட்டோரத்தில மலை மாதிரிக் கிடந்திச்சு. குழந்தைக்குப் பால்மா இல்ல. என்ன வேணும் எண்டு ஒருத்தரும் கேட்கல்ல.

“வந்தவங்கள்ல ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. இருபது வயசுக்கு மேல இருக்காது. தமிழ் ஒரு சொல்லும் தெரியா. முதல் நாள் எங்கட பேரெல்லாம் கேட்டுக் கொப்பியில எழுதிச்சு. அடுத்த நாள் வந்து எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டிச்சு. நான் பிளேன்ரீ ஊத்திக் குடுத்தன். பாயில இருந்து குடிச்சிச்சு. மற்றவங்க போத்தல் தண்ணியைத் தவிர ஒண்டும் தொடமாட்டாங்க. அந்தப் பிள்ளை என்ன சாமான் தந்திச்சு எண்டு இப்ப எனக்கு ஞாபகம் இல்ல. என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டது மட்டும் ஞாபகம்.”

அவ்வளவுதான் சொன்னார். விறாந்தையில் ஓசையில்லை. மருத்துவ பீட மாணவர் ஒருவர் பின்னர் எம்மிடம் சொன்னார்: நன்கு கொதித்த தேநீர் போத்தல் நீரளவு பாதுகாப்பானதே, ஆகவே உடல் நலத்துக்கும் உபசாரத்துக்கும் முரண் எதுவுமில்லை என்று. அன்று அவர்களின் சொற்பட்டியலில் முதல் வரியாக, ‘உங்கள் பெயர் என்ன?’ என்பதற்குரிய நேபாள வாசகம் எழுதப்பட்டது.

பெற்றாருக்கு நாம் கூற விரும்புவது இதுவே. பிள்ளை ஒரு நாள் வந்து இத்தகைய பயணத்துக்கு விடை கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம். பெருமையினால் உடனே இசையவும் வேண்டாம். அழைத்தவர் யார், அவர்கள் கேட்ட வேலை எது, அவ்வேலையைச் செய்ய உனக்குத் தெரியுமா, உள்ளூர் வேலையாளின் கூலி உன்னாற் பறிபோகுமா, அவர்களின் மொழியில் எத்தனை சொல் கற்றாய், நம் ஒழுங்கையில் அதே வேலையை ஒரு நாளாவது செய்து பார்த்தாயா என்று கேளுங்கள். இவ்வாறு வினாக்களுக்கும் விடை சொல்லக்கூடிய பிள்ளையைத் துணிந்து அனுப்பலாம். விடை தெரியாத பிள்ளைக்கு ஆயத்தம் செய்யக் காலம் கொடுங்கள். ஆழமறியாமற் காலை விடாதே என்பது ஆற்றுக்கு மாத்திரம் சொன்னதன்று.

பதினொராவது தாள் சென்ற ஞாயிறன்று வந்தது. ஒப்பத்தின் கீழே அத்தாயார் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அந்த ஆக்கள் சாப்பிடச் சொன்னா, வேணாம் எண்டு சொல்லக்கூடாது.’ பிரயாணத்துக்குரிய ஏனைய விதிகளை எழுதிய தாளிலேயே மாணவர் அவ்வரியையும் சேர்த்து எழுதி, நேபாளப் படத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றனர். கூலிக்குரிய பணத்தில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு சேரவேண்டியிருக்கின்றது. அது சேருமாயின் ஐப்பசியிற் புறப்படுவர்.